மாட்டுக்கே குடுத்தாங்க லெக்சரு

நம் வயதுக்காரர்களில் நாக்கைத் திருத்திக்கொள்ளாமல் படித்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்க மாட்டீர்கள் என்று தெரியும். பென்ஷன் வாங்குகிற வயதிலும், பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலிலேயே நாக்கில் ஒட்டிய ஊர்ப்பேச்சைத் துடைத்துவிட்டு உள்ளே நுழைகிறவர்கள் நாம். நான் மட்டும் துடைப்பதை விட்டு வெகு காலமாகிறது. அதற்கான காரணம் பதின்மூன்று வயதில், திண்டிவனத்து ஹாஸ்டலில் எனக்குக் கிடைத்தது. கேட்டுவிட்டுத் திமிர் பிடித்தவள் என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். அதை எனக்குப் புதிதாக யாரும் சொல்லிவிட முடியாது.

எங்கள் ஊர் கெடாருக்கும் அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொந்த நிலம் கிடையாது. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களைவெட்டு, பிறகு பிடுங்கல், அதுவும் இல்லாத நாளில் கிடைத்த வேலை. எங்கள் தெருவில் ஓலை வேய்ந்த ஒரு ஜெபவீடு இருந்தது. அங்கே மாதம் ஒருமுறை வருகிற பாஸ்டர் சொல்லித்தான் எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. மூன்று வேளையும் சோறு, படிக்க லைட்டு. என்னை விட்டுவிட்டுப் போகும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: யாரிடமும் வாயாடாதே.

எனக்குப் பக்கத்துப் பாய் கண்டாச்சிபுரத்துக்காரியுடையது. அவள் வீட்டில் நாலு ஏக்கர் நிலம் இருந்தது. நன்றாகப் படிக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வீட்டு நிலவரத்தில் நாங்கள் இரண்டு பேரும் எட்டாத தூரம். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஊர். போய்க்கொண்டு என்பது அவளுக்கும் போய்க்கினு, எனக்கும் போய்க்கினு. அதனால் கொட்டாங்குச்சியை அதிகமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் நாங்கள் இரண்டு பேர்தான்.

கொட்டாங்குச்சி இங்கிலீஷ் டீச்சர் கண்டுபிடித்த தண்டனை. நன்றாக வழித்துத் தேய்த்த அரைமூடி, இரண்டு ஓட்டை, அதில் ஒரு சணல் கயிறு. யார் வாயிலிருந்து 'கினு' வருகிறதோ அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து இன்னொருத்தி சொல்லும்வரை கழற்றக் கூடாது. சாப்பிடும்போது அது தட்டில் இடிக்கும். ஓடினால் நெஞ்சில் டொக் டொக்கென்று அடிக்கும். வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, சிக்கு வாடை அடிக்கும் அந்தக் கயிறு. இதில் கொடுமை என்னவென்றால், அதைக் கழற்ற வேண்டும் என்பதற்காகவே நாங்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டு திரிந்தோம். கண்டாச்சிபுரத்துக்காரி மட்டும் என்னைக் காட்டிக் கொடுத்ததில்லை. நானும் அவளை.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நேர்வகிடு. அவர் பேசுகிற தமிழ் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். எந்த ஊர்க்காரர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேசையில் எப்போதும் ஒரு சிவப்பு மைப் புட்டி. இங்கிலீஷ் நோட்டைத் திருத்துவதோடு நிறுத்த மாட்டார். நாங்கள் வீட்டுக்கு எழுதுகிற கார்டையும் வாங்கித் திருத்துவார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அடுத்த தெருவில் யாரோ படித்துச் சொல்வார்கள். அந்த யாரோவுக்காக என் கார்டில் சிவப்பு மை ஓடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. அங்கே ஏதோ ஒரு சபையில் பெண்கள் சேர்ந்து எங்களுக்காக அனுப்பியது. ஆணி பிடுங்கித் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து வெளியே வந்தது. உள்ளே பூரா கம்பளி. ஸ்வெட்டர், மப்ளர், கையுறை. திண்டிவனத்து வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய அந்தப் புண்ணியவதிகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கையுறைகளைச் சமையல்கார அம்மா எடுத்துக்கொண்டார், சோற்றுத் தவலையை இறக்க. ஒரு பிஸ்கட் டப்பா முழுக்கப் பொத்தான். அதன் அடியில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள்.

புத்தகங்களைப் பார்த்து லைப்ரரியில் சேர்க்கிற பொறுப்பு இங்கிலீஷ் டீச்சருடையது. அதில் ஒன்று மெல்லிசானது, அட்டை போனது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஒவ்வொன்றும் ஐந்தே வரி. மூன்று நாள் மதிய இடைவேளையில் டீச்சர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். சிவப்புப் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் வகுப்புக்கு எடுத்துவந்து தூக்கிக் காட்டினார். பக்கமெல்லாம் சிவப்பு. வெள்ளைக்காரர்களிலும் படிக்காதவர்கள் உண்டு, அவர்களுக்கு மாடு என்கிற வார்த்தையைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாது, நீங்கள் பேசுவதைப் புத்தகமாகப் போட்டால் இப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு அதை அடுப்பெரிக்கிற காகிதக் கூடையில் போடச் சொன்னார்.

அன்று மாலை சமையலறை முறை என்னுடையது. கூடையில் அது மேலாகக் கிடந்தது. பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் பதில் தெரியாது. நாங்கள் பேசுகிற மாதிரி ஒரு புத்தகம் என்று டீச்சர் சொன்னாரே, அது எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசைதான்.

எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் என்ன பெரிய இங்கிலீஷ். ஆனாலும் எனக்கு அந்தப் பாட்டுகள் புரிந்தன. காரணம் டீச்சரேதான். ஒவ்வொரு புரியாத வார்த்தைக்கு மேலும் புரிகிற வார்த்தையை அவர் சிவப்பில் எழுதி வைத்திருந்தார். அவர் மட்டும் திருத்தாமல் விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

ஒரு பாட்டில் ஒரு கிழவி. வீட்டில் பூனை இல்லை, எலி பிடிக்க மாட்டை ஏவுகிறாள். மாடு எலியைப் பார்த்து முழிக்கிறது, கத்துகிறது, அவ்வளவுதான் கதை. முதல் வரி 'கூ' என்று முடியும். கூ என்றால் அவர்கள் ஊரில் மாடு. இரண்டாவது 'நூ'. அப்படியென்றால் இப்போது. நடுவில் குட்டையாக இரண்டு வரி, 'ஹூஸ்' என்று வீடும் 'மூஸ்' என்று எலியும். கடைசி வரியில் மாடு 'மூ' என்கிறது. டீச்சர் கூவைக் கௌ ஆக்கியிருந்தார், நூவை நௌ ஆக்கியிருந்தார். ஹூஸும் மூஸும்கூட ஹௌஸ், மௌஸ் ஆகியிருந்தன. கடைசி 'மூ' மேல் பேனா வைத்து அழுத்திய ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது. மாடு கத்துவதை அவரால் திருத்த முடியவில்லை. பாட்டோ செத்துப் போயிருந்தது.

சிவப்பை விட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். கூ, நூ, ஹூஸ், மூஸ், மூ. பாயில் படுத்திருந்த கண்டாச்சிபுரத்துக்காரி எழுந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லுடி என்றாள். மூன்றாவது தடவை இரண்டு பேரும் தலையணையில் வாயை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கே இரண்டு நீட்டம், இரண்டு குட்டை, திரும்ப ஒரு நீட்டம் என்கிற கணக்கு பிடிபட்டுவிட்டது. மறுநாள் துணி துவைக்கிற கல்லில் நான் கட்டிய முதல் பாட்டு இது.

கெடாருல இருக்குறாரு மாமா,
கேக்குறதுக்கெல்லாமே "ஆமா";
மல்லாட்டை காணோமே,
நீயான்னு கேட்டோமே,
மென்னுக்கினே சொல்றாரு "ஆமா".

'மென்றுகொண்டே' என்று போட்டுப் பாருங்கள், மாமாவின் வாயிலிருந்து மல்லாட்டை விழுந்துவிடும்.

ஒரே வாரத்தில் ஹாஸ்டல் முழுக்க ஐந்து வரி. சாம்பாரைப் பற்றி, கிணற்று ராட்டினத்தைப் பற்றி, வார்டனின் குறட்டையைப் பற்றி. பாட்டில் வருகிற 'கினு'வுக்குக் கொட்டாங்குச்சி உண்டா இல்லையா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. இல்லை என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். அப்புறம் நான் இதைக் கட்டினேன். கட்டியிருக்கக் கூடாது என்று இன்றுவரை ஒருநாளும் நினைத்ததில்லை.

திண்டிவனத்துல ஒரு டீச்சரு,
திருத்துறதே அவங்களுக்கு நேச்சரு;
மாடு கத்துச்சு "ம்மா"ன்னு,
"ஒழுங்கா சொல்லு 'அம்மா'"ன்னு
மாட்டுக்கே குடுத்தாங்க லெக்சரு.

கண்டாச்சிபுரத்துக்காரி அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். டீச்சர் கையில் அது சிக்கியது. எழுதியது யார் என்று அவளை நிற்க வைத்துக் கேட்டார். அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பதில் சொல்லவில்லை. பிரம்பை எடுத்ததும் நான் எழுந்து, நான்தான் டீச்சர் என்றேன். டீச்சர் மறுபடி அதைப் படித்தார். அவர் உதடு ஓரமாக ஒருமுறை துடித்தது. கோபம் என்று அப்போது நினைத்தேன். சிரிப்பாகவும் இருந்திருக்கலாம் என்று நினைக்க எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. ஒரு வாரம் முழுக்கக் கழற்றாமல் கொட்டாங்குச்சி போட்டுக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கோயிலிலும்கூட, என்றார். போட்டுக்கொண்டேன். முழங்கால் போட்டுக் குனிந்து ஜெபம் செய்யும்போது அது தரையில் மோதி டொக்கென்றது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய். குளியலறையில் அழுதேன், யாருக்கும் தெரியாமல்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியதும் பெட்டி அனுப்பிய சபையிலிருந்து ஒரு அம்மா எங்களைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வெள்ளை அடித்தார்கள், தோரணம் கட்டினார்கள். ஆறு பெண்களுக்கு ஸ்வெட்டர் போட்டு முன்வரிசையில் நிறுத்தினார்கள். காலை பத்து மணிக்கே அந்த ஆறு பேருக்கும் வேர்வை ஆறாக ஓடிற்று.

வெள்ளைக்காரம்மா குண்டாக, குட்டையாக, சிவந்த கன்னத்தோடு இருந்தார். எங்கள் சமையல்கார அம்மாவுக்கு வெள்ளையடித்த மாதிரி. அவர் இங்கிலீஷில் பேச, இங்கிலீஷ் டீச்சர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். வணக்கம், வாழ்த்து எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அந்தம்மா ஸ்வெட்டர் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெட்டியில் வந்ததில் வேறு யாருக்கு என்ன பிடித்தது என்று கேட்டார். டீச்சர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் கால் நடக்க ஆரம்பித்துவிட்டது. பாவாடை மடிப்பிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தம்மாவின் கையில் கொடுத்தேன்.

டீச்சரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அந்தம்மா புத்தகத்தைத் திறந்ததும், முதல் பக்கத்திலேயே தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி ஒரு சத்தம் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிழவியும் மாடும் பாட்டை உரக்கப் படித்தார். படிக்கும்போது அவர் குரலே மாறிவிட்டது. அதுவரை டீச்சர் பேசுகிற மாதிரிதான் அவரும் பேசிக்கொண்டிருந்தார். இப்போது நாக்கு உருண்டது, தொண்டையில் கரகரத்தது. 'மூ' என்று முடித்தபோது முந்நூறு பெண்களும் அர்த்தம் புரியாமலே சிரித்தோம். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் சிவப்பு மையைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

மெதுவாக, நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார், பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று. எனக்கு முழுக்கப் புரியவில்லை. ஆனால் அம்மா என்றார், என் அம்மா இப்படிப் பேசினாள் என்றார். ஸ்கூல் என்றார், வாத்தியார் என்றார். 'கூ' என்று சொல்லிவிட்டுத் தன் இடது கையை நீட்டி, வலது கையை வார் மாதிரி வீசி உள்ளங்கையில் அடித்துக் காட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று. அதற்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை. கடைசியாகப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இது தப்பில்லை என்றார். 'நாட் ராங்' என்கிற அந்த இரண்டு வார்த்தை இங்கிலீஷ் எங்கள் யாருக்கும் தெரியாததல்ல.

இங்கிலீஷ் டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, அந்த வானொலிக் குரலில் சொன்னார்: "இந்தப் புத்தகத்தில் நிறையப் பிழைகள் இருக்கின்றன, அவற்றைத் திருத்தியது மிகவும் சரி, மாணவிகள் அனைவரும் சுத்தமாகப் பேசிப் பழக வேண்டும் என்று அம்மா கூறுகிறார்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தம்மா தான் சொன்னதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தக் காட்சி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நான் இன்னும் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அவங்க அப்படிச் சொல்லல டீச்சர்," என்றேன். "அவங்க அம்மா பேசுனத பேசுனதுக்கு அவங்கள அடிச்சாங்களாம். தப்பில்லன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

கை தட்டல் நின்றது. தலைமையாசிரியை எழுந்துவிட்டார். யாரோ என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். புத்தகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்தம்மா கொண்டுபோனாரா, பீரோவுக்குள் போயிற்றா, அடுப்புக்குப் போயிற்றா, தெரியாது.

அப்பாவுக்குக் கார்டு போட்டார்கள். இரண்டாம் நாள் வந்தார். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசப்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தலைமையாசிரியை நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். கெட்டிக்காரப் பெண், வாய்தான் நீளம், விருந்தாளி முன்னால் ஆசிரியரை அவமானப்படுத்திவிட்டாள், 'நான் பொய் சொன்னேன், மன்னிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஹாஸ்டலில் இருக்கலாம் என்றார். காகிதமும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன. நான் அப்பாவையே பார்த்தேன். எழுது என்று அவர் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

அப்பா பெரிய மனிதர்கள் முன்னால் பேசி நான் கேட்டதில்லை. கொல்லைக்காரர் கூப்பிட்டால் 'வர்றேங்க', போகச் சொன்னால் 'போறேங்க', அவ்வளவுதான் அவர் பேச்சு.

"அது பொய் சொல்லிச்சுங்களா?" என்று கேட்டார்.

அது முக்கியமில்லை, மரியாதைதான் முக்கியம் என்றார் தலைமையாசிரியை.

"மரியாதை இல்லாம பேசுனேன்னு எழுதச் சொன்னா எழுதட்டுங்க. பொய் சொன்னேன்னு எழுதச் சொல்றீங்களே. சொல்லாத பொய்ய சொன்னேன்னு எழுதிக் குடுத்தா, அதுதானுங்களே பொய்யி?"

தலைமையாசிரியை காகிதத்தையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படியானால் அழைத்துக்கொண்டு போங்கள் என்றார். அப்பா என் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

கேட்டுக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். இங்கிலீஷ் டீச்சர் வேகமாக வந்தார். அப்பா பெட்டியோடு நாலடி முன்னால் போய்விட்டிருந்தார். டீச்சருக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நானும் ஓமந்தூர்ப் பக்கம்தான். எங்க அப்பாவும் கூலிதான். ட்ரெய்னிங்குல நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க. ரெண்டு வருஷம் ஊமையாட்டம் ஒரு மூலையில குந்திக்கினு இருந்தேன். நீங்களும் அப்படி ஆவக்கூடாதுன்னுதான்."

தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கொட்டாங்குச்சி என்கிற ஒரே ஒரு வார்த்தை என் வாயில் வந்து நின்றது. சொல்லவில்லை. மேடைப் பக்கத்தில் வாயைத் திறந்ததற்கு நான் வருத்தப்பட்டதில்லை, கேட் பக்கத்தில் மூடிக்கொண்டதற்கும் வருத்தப்பட்டதில்லை. அவர் செய்தது தப்பு. எங்களைச் சிரிப்பிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை அவரே எங்களுக்குக் கொடுத்தார். ஆனால் அன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை வைத்து நான் ஒருநாளும் ஐந்து வரி கட்டியதில்லை.

ஊரில் எங்களுக்கு நல்ல வரவேற்பு இல்லை. கிடைத்த சோற்றைக் காலால் தள்ளிவிட்டு வந்தவள் என்று தெருவில் பேசினார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா யாரோடும் பேசவில்லை. என்மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். அது பயம் என்பது பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

விழுப்புரத்தில் அரசாங்கப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். டி.சி. ஒரு மாதத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். காலையில் கூழைக் குடித்துவிட்டு ஒரு மைல் நடந்து பஸ். வகுப்பில் எழுபது பேர். யாரும் யாரையும் திருத்துகிற நிலைமையில் இல்லை. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. பஸ்ஸில் வருகிற பெண்களுக்கு நான் ஐந்து வரி கட்டிக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், கேட்டதைப் பற்றியெல்லாம். அவர்கள் அதை இறங்குகிற ஊரிலெல்லாம் இறக்கிவிட்டுப் போனார்கள். கண்டாச்சிபுரத்துக்காரி மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தாள். அதில் கொட்டாங்குச்சி கிணற்றில் விழுந்துவிட்டது, யார் போட்டது என்று தெரியவில்லை, டீச்சர் வேறு ஒன்று செய்யவில்லை என்று இருந்தது. கார்டில் சிவப்பு மையே இல்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அப்பாவும் நானும் டி.சி. வாங்கத் திண்டிவனம் போனோம். குமாஸ்தா ஜன்னல் வழியாக நீட்டினார். பஸ் ஸ்டாண்டில் வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். பெயர், பிறந்த தேதி, வகுப்பு, எல்லாம் படித்தேன். நடத்தை என்கிற இடத்தில் 'திருப்தி இல்லை' என்று இருந்தது. ஒரு கணம் மாற்றிப் படிக்கலாமா என்று தோன்றியது. அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. உள்ளதை உள்ளபடியே படித்தேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழுப்புரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டுதான் வந்தோம். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி இருமிற்று, குலுங்கிற்று, நின்றுவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுங்கள் என்றார் கண்டக்டர். தள்ளினார்கள். கிளம்பிற்று, மறுபடி நின்றது. எரிச்சலில் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். கண்டக்டர் வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். சனங்களைச் சமாதானப்படுத்த, ஒரு பாட்டு இருக்குது கேளுங்க என்று படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னார்.

விழுப்புரம் போகுது ஒரு வண்டி,
வழியெல்லாம் பண்ணுது சண்டி;
எறங்கித் தள்ளிக்கினு
எல்லாரும் போய்க்கினு,
ஆடுமாடு போவுது தாண்டி.

வண்டி முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. 'நடந்தவன் போறான் அதத் தாண்டி' என்று நான் கட்டியதை யாரோ ஆடுமாடு ஆக்கியிருந்தார்கள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதுதான் எரிச்சல். இது யார் கட்டினது என்று ஒருவர் கேட்டார். விழுப்புரத்தில் யாரோ காலேஜ் வாத்தியாராம், பெரிய படிப்பு படித்தவராம் என்றார் கண்டக்டர்.

"அது நான் கட்டுனது," என்றேன்.

சிரித்தார். போம்மா, போய் ஓரமாக நில்லு என்றார். அப்பாவின் கை என் தோளில் வந்து விழுந்தது, பேசாதே என்கிற மாதிரி. அம்மா வாயாடாதே என்றது, டி.சி.யில் எழுதியிருந்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்தேன். மனசுக்குள் இரண்டு நீட்டம், இரண்டு குட்டை, ஒரு நீட்டம். சொன்னேன்.

கண்டக்டரு வாயில விசிலு,
காதுல சொருவுன பென்சிலு;
பாட்டு யாருதுன்னு தெரியல,
பக்கத்துல நின்னும் புரியல,
புத்திக்கும் ஊத்தணும் டீசலு.

டிரைவர்தான் முதலில் சிரித்தார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும். கண்டக்டர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று முடிவு பண்ண முடியவில்லை. யாருங்க இந்தப் பொண்ணு, எந்த ஊரு என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

என் தோளில் இருந்த கை எடுபட்டது. அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். கழுத்தில் கிடந்த துண்டை அவர் கையில் எடுக்கவில்லை.

"எம் பொண்ணு," என்றார். அந்த வண்டியில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது. "மின்ன நீங்க சொன்னீங்களே, அதுவும் இதுதான் கட்டுச்சு."

கண்டக்டர் படிக்கட்டிலிருந்து மேலே ஏறி வந்தார். முன் சீட்டில் இருந்த ஒருவரை நகரச் சொல்லி, அப்பாவுக்கு உட்கார இடம் காட்டினார். அப்பா உட்காரவில்லை. விழுப்புரம் வருகிற வரைக்கும் நின்றபடியே வந்தார்.